அரையாண்டு லீவுக்கு விசாகப்பட்டினமா, கொச்சியா?

வீட்டில் நான்கு பேர். அம்மாவுக்கு 72 வயது, இரண்டு முட்டியும் தகராறு. பையன் ஆறாம் வகுப்பு. ஓரிடத்தில் உட்கார வைக்க முடியாது. மனைவிக்கு ஒரே நிபந்தனை, போகிற இடத்தில் சமையலறை இருக்கக் கூடாது. எனக்கு டிசம்பர் கடைசியில் ஐந்து நாள் விடுப்பு. கடலோரமாக ஓர் ஊருக்குப் போகலாம் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனோம். எந்த ஊர் என்பதில்தான் இரண்டு வாரம் ஓடியது.

சென்னையில் இருந்துகொண்டு கடல் பார்க்க ரயில் ஏற வேண்டுமா என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நம் கடற்கரை ஒரே தட்டை. மணல், அலை, சுண்டல், அவ்வளவுதான். மலை வந்து கடலில் கால் வைக்கிற ஊர், தீவுக்குத் தீவு படகில் போகிற ஊர், இதெல்லாம் நமக்கு இல்லை. அதனால்தான் விசாகப்பட்டினமும் கொச்சியும் பட்டியலில் வந்தன.

புதுச்சேரியும் பட்டியலில் இருந்தது. அதை முதலிலேயே தள்ளிவிட்டோம். ஊர் பிடிக்காமல் இல்லை. மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை நிறுத்திவிட்டு மனிதர்களுக்கு விட்டுவிடும் அந்தக் கடற்கரைச் சாலை போல இன்னொன்று பக்கத்தில் கிடையாது. ஆனால் சென்னையிலிருந்து 150 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். எந்த சனி ஞாயிறிலும் போகக்கூடிய ஊருக்கு வருடத்தின் ஒரே நீண்ட லீவைச் செலவழிப்பானேன்? அதுவும் புத்தாண்டை ஒட்டிய வாரத்தில் பாதிச் சென்னை அங்கேதான் இருக்கும்.

கொச்சிக்கும் விசாகப்பட்டினத்துக்கும் நான் முன்பே ஒவ்வொரு முறை போயிருக்கிறேன். இரண்டையும் 'கடற்கரை நகரம்' என்று ஒரே பெட்டியில் போட்டுத்தான் இணையத்தில் பட்டியல் போடுகிறார்கள். போய்வந்தவர்களுக்குத் தெரியும், இரண்டும் வேறு வேறு சமாச்சாரம். விசாகப்பட்டினத்தில் கடல் என்பது பார்ப்பதற்கு. மலை மேலிருந்து, சாலையிலிருந்து, ஓட்டல் ஜன்னலிலிருந்து எங்கே திரும்பினாலும் கண்ணில் படும். கொச்சியில் தண்ணீர் என்பது போவதற்கு. கடற்கரை என்று போய் நின்றால் ஏமாற்றம்தான். படகில் ஏறி உட்கார்ந்துவிட்டால் ஊர் முழுக்க அழகு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

கொச்சி: நீர்வழியில் ஓர் ஊர்

எங்கள் வீட்டு நிலைமைக்கு, காகிதத்தில் போட்டுப் பார்த்தால் கொச்சிதான் ஜெயிக்க வேண்டும். முதல் காரணம் அம்மாவின் முட்டி. ஊர் முழுக்கச் சமதளம். ஏற வேண்டிய மலை இல்லை, இறங்க வேண்டிய குகை இல்லை. அதற்கு மேல் 2023 ஏப்ரலில் வந்த வாட்டர் மெட்ரோ என்ற படகுச் சேவை. இந்தப் படகுத்துறைகள் மிதக்கும் மேடைகள். நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் மேடையும் கூடவே ஏறி இறங்கும். படகின் தளமும் மேடையும் ஒரே மட்டத்தில் இருக்கும். சக்கர நாற்காலியையே உள்ளே தள்ளிக்கொண்டு போகலாம். பழைய படகுகளில் ஒரு கால் கரையிலும் ஒரு கால் படகிலுமாகத் தவிக்கிற அந்த ஒரு நொடி வயதானவர்களுக்கு எவ்வளவு பயம் என்பது கூட்டிக்கொண்டு போனவர்களுக்குத்தான் தெரியும். உள்ளே ஏசி, பெரிய கண்ணாடி ஜன்னல்கள், பேட்டரியில் ஓடுவதால் டீசல் வாடையும் இல்லை. கட்டணம் 20 ரூபாயிலிருந்து 40 ரூபாய்க்குள். ஹைகோர்ட் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு ஏறினால் இடையில் துறைமுகம், கப்பல் கட்டும் தளம், தீவுகள் எல்லாம் ஓசியில் பார்த்த மாதிரி. தனியார் சுற்றுலாப் படகு பேரம் பேசுவதைவிட இதுவே மேல் என்பது என் கட்சி. பழைய அரசுப் படகு இன்னும் மலிவு. பையனோடு தனியாகப் போனால் அதில்தான் ஏறுவேன்.

ஃபோர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் பார்க்க இருப்பவை எல்லாம் நடக்கிற தூரம், மிஞ்சினால் ஆட்டோ தூரம். சீனவலைகள் இப்போது முன்புபோல் வரிசையாக இல்லை, பல வலைகள் சிதைந்துவிட்டன. ஆனாலும் நான்கைந்து பேர் கயிற்றை இழுக்க, எடைக்குக் கட்டிய பாறாங்கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்க, அந்தப் பெரிய வலை சிலிர்த்துக்கொண்டு எழுவதை ஒருமுறையாவது நின்று பார்க்க வேண்டும். புனித பிரான்சிஸ் தேவாலயம் 1503-ல் எழுந்தது. வாஸ்கோ ட காமா 1524-ல் இந்த ஊரில் இறந்து இங்கேதான் முதலில் புதைக்கப்பட்டார். பிறகு எலும்புகளை லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். டச்சு அரண்மனை என்ற பெயரை நம்ப வேண்டாம். கட்டியவர்கள் போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர்கள் செப்பனிட்டார்கள், இருந்தவர் கொச்சி ராஜா. அங்கே உள்ள ராமாயணச் சுவரோவியங்கள் முன்னால் அம்மா ஒரு மணி நேரம் நிற்பார், முட்டி வலியை மறந்து.

ஒரு சிக்கல். அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பக்கத்துத் தெருவில் 1568-ல் கட்டிய யூத ஜெபக்கூடத்துக்கு சனிக்கிழமை விடுமுறை. நம் ஆட்கள் பெரும்பாலும் வெள்ளி இரவு ரயில் ஏறி சனிக்கிழமை காலை இறங்கி நேராக மட்டாஞ்சேரிக்குப் போவார்கள். போன முறை நானும் அப்படிப் போய் மூடிய கதவைப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

தமிழ்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல ஒன்று உண்டு. ஃபோர்ட் கொச்சியில் வேளி என்ற பகுதியில் ஒரு டோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர்கள் காலத்தில் படைவீரர்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துவைத்து, கஞ்சி போட்டு, கொடியில் காயவைக்கிறார்கள். கிளிப் கிடையாது, இரட்டையாக முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுவதுதான். பேச்சு தமிழும் மலையாளமுமாக ஓடும். சுற்றுலாப் பட்டியலில் இது கடைசியில் இருக்கும், எனக்கு முதலில் பிடித்த இடம் இதுதான். போகும்போது அவர்கள் வேலை செய்கிற இடம் என்ற நினைப்போடு போங்கள், கேமராவை முகத்துக்கு நேரே நீட்ட வேண்டாம்.

மொழியும் கொச்சிக்குச் சாதகம். அம்மா ஆட்டோக்காரரிடம் தமிழில் பேசுவார், அவர் மலையாளத்தில் பதில் சொல்வார், இருவருக்கும் புரியும். விசாகப்பட்டினத்தில் அது நடக்காது. நான் அரைகுறை இந்தியில் ஏதாவது சொல்லி, ஆட்டோக்காரர் தெலுங்கில் ஏதாவது சொல்லி, கடைசியில் போன் ஸ்கிரீனைக் காட்ட வேண்டும்.

சரி, குறை என்ன? கடல்தான். ஃபோர்ட் கொச்சிக் கடற்கரை அரிப்பில் சுருங்கிக் கிடக்கிறது. கழிமுகத்திலிருந்து அடித்துக்கொண்டு வரும் ஆகாயத்தாமரை கரையில் குவிந்து அழுகும் நாட்களும் உண்டு. அலையில் கால் நனைக்க வேண்டுமென்றால் வைப்பின் தீவில் உள்ள செறாய்க்குப் போக வேண்டும், நகரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். நல்ல கடற்கரைதான், ஒரு பக்கம் கடல், சாலைக்கு மறுபக்கம் காயல். ஆனால் பையனுக்கு தினமும் கடல் வேண்டும், அது கொச்சியில் கஷ்டம். அப்புறம், இரண்டு முழு நாளில் கொச்சி முடிந்துவிடும். மூன்றாம் நாள் வந்ததும் 'மூணாறு போகலாமே, ஆலப்புழை போகலாமே' என்று ஆரம்பிக்கும். ஆலப்புழை பரவாயில்லை, 55 கிலோமீட்டர்தான். மூணாறு 130 கிலோமீட்டர் மலைப்பாதை. அதைச் சேர்த்தால் அது கடலோர விடுமுறையே இல்லை, கார் விடுமுறை.

அதோடு மாதம். டிசம்பர் கடைசி வாரம் ஃபோர்ட் கொச்சியில் கார்னிவல். 31 நள்ளிரவில் பாப்பாஞ்ஞி என்ற பெரிய தாத்தா பொம்மையைக் கொளுத்திப் பழைய வருடத்தை அனுப்பிவைப்பார்கள். இருபது வயதில் போக வேண்டிய கூட்டம் அது. தெருக்களில் வண்டியைத் தடுத்துவிடுவார்கள், அறை வாடகை ஏறிவிடும், முட்டி வலிக்காரரைக் கூட்டிக்கொண்டு அதில் மாட்டினால் அவ்வளவுதான். கொச்சிக்கு ஜனவரி பாதிக்கு மேல், பிப்ரவரி நல்லது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை, படகு ஜன்னலில் தண்ணீர் மட்டும்தான் தெரியும்.

தங்குவதற்கு ஃபோர்ட் கொச்சியா எர்ணாகுளமா என்று கேட்பவர்களுக்கு: வயதானவர்கள் இருந்தால் ஃபோர்ட் கொச்சி. ஊரின் சுவையே காலை 6 மணிக்கும் இரவு 8 மணிக்கும்தான், அந்த நேரத்தில் அங்கேயே இருக்க வேண்டும். சைவச் சாப்பாட்டுக்கு மட்டும் கொஞ்சம் அலைய நேரும். மட்டாஞ்சேரியின் குஜராத்தி ரோடு பக்கம் போனால் தீர்ந்தது. விளம்பரத்தில் 'கடல் காட்சி' என்று போட்டிருந்தால் எந்தத் தளத்திலிருந்து என்று கேட்டுவிடுங்கள். நான் போனபோது தங்கிய ஒரு ஹோம்ஸ்டேயில் கடல் தெரிந்தது உண்மை, தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்.

விசாகப்பட்டினம்: மலையும் கடலும் ஒரே சட்டகத்தில்

சென்னையிலிருந்து 780 கிலோமீட்டர் சுமார். பகலில் போவதென்றால் கோரமண்டல், காலை ஏறினால் இரவில் இறங்கலாம். இரவுப் பயணத்துக்கு ஹவுரா மெயில். கொச்சிக்குப் போகிற நேரத்தைவிட ஒன்றிரண்டு மணி நேரம் கூடுதல், பெரிய வித்தியாசமில்லை. கோவைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குக் கொச்சி நான்கு மணி நேரம், யோசிக்கவே வேண்டாம், கொச்சிக்குப் போங்கள்.

முன்பதிவில் ஒரு பொறி உண்டு. ஒடிசா, வங்காளம் பக்கம் போகும் சில ரயில்கள் விசாகப்பட்டினம் நிலையத்துக்குள் நுழையாமல் புறநகரில் உள்ள துவ்வாடாவில் நின்று அப்படியே வேறு பாதையில் போய்விடும். விசாகப்பட்டினத்தில் வண்டி வந்த வழியே திரும்பிப் போக வேண்டும், என்ஜினை மறுமுனைக்கு மாற்ற வேண்டும். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் இப்படி. துவ்வாடா, நகரிலிருந்து 17 கிலோமீட்டர். டிக்கெட்டில் நிலையத்தின் பெயரைப் பார்க்காமல் எடுத்தால், விடிகாலையில் பெட்டியோடு அங்கே நிற்க வேண்டிவரும்.

ஊருக்குள் போனதும் முதலில் புரிவது, இது நடந்து பார்க்கிற ஊர் இல்லை. நீளமான ஊர். தெற்கே டால்பின் மூக்கு என்று கடலுக்குள் நீண்ட குன்று, அதன் நிழலில் 1933-ல் திறந்த துறைமுகம். திறந்துவைத்தவர் வைஸ்ராய் வில்லிங்டன். கொச்சித் துறைமுகத்தில் தூர் வாரிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவுக்கும் அவர் பெயர்தான். மனிதர் இரண்டு ஊரையும் விடவில்லை. துறைமுகத்திலிருந்து வடக்கே ஆர்.கே. பீச், கைலாசகிரி, ருஷிகொண்டா, தொட்லகொண்டா என்று பீமிலி வரை கடலை ஒட்டியே ஒரு சாலை. இந்தச் சாலைதான் ஊரின் சொத்து. ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்கி, மதியம் கிளம்பி நின்று நின்று போக வேண்டும். கைலாசகிரிக்கு ரோப்கார் உண்டு, மேலே வரை வண்டியும் போகும். மேலிருந்து பார்த்தால் கரை வளைந்து வளைந்து போவது தெரியும். அம்மா பெஞ்சில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

தொட்லகொண்டா என்றால் தொட்டிகள் உள்ள குன்று. சொல்லே நமக்குப் புரிகிறது. பாறையில் குடைந்த நீர்த்தொட்டிகளோடு, கடலைப் பார்த்தபடி இருந்த பழைய பௌத்த மடத்தின் அடித்தளங்கள். பெரிதாகப் பார்க்க ஒன்றுமில்லை என்று சிலர் சொல்வார்கள். அந்தத் துறவிகள் இடம் தேர்ந்தெடுத்த ரசனையைப் பார்க்கவாவது போகலாம்.

பையனுக்கு இந்த ஊரை விற்றது ஒரே ஒரு படம்: கரையில் நிற்கும் நீர்மூழ்கிக் கப்பல். ஐ.என்.எஸ். குர்சுரா, சோவியத்தில் கட்டியது, 1969-ல் கடற்படைக்கு வந்து 31 வருடம் ஓடி 2001-ல் ஓய்வு பெற்றது. 2002 முதல் ஆர்.கே. பீச்சில் மணலில் நிற்கிறது. 91 மீட்டர் நீளம். உள்ளே ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கலாம்; டார்பிடோக் குழாய்கள், ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிய படுக்கைகள், அறைக்கு அறை வட்டக் கதவு. அந்த வட்டக் கதவுகளில் குனிந்து, காலைத் தூக்கி வைத்துத்தான் நுழைய வேண்டும். அம்மா வெளியே உட்கார வேண்டியதுதான், வேறு வழியில்லை. எதிரே டியு-142 விமானம். இது நம் அரக்கோணத்திலிருந்து பறந்துகொண்டிருந்தது, 2017-ல் ஓய்வு பெற்று இங்கே வந்தது. கப்பலுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, வார நாட்களில் திறப்பதே பிற்பகலில்தான். காலையில் போய் நின்று பையனிடம் திட்டு வாங்காதீர்கள்.

கடலில் குளிப்பது பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். ஆர்.கே. பீச்சில் இறங்கவே வேண்டாம். கரை சட்டென்று ஆழமாகிறது, திரும்பும் அலையின் இழுப்பு பலமானது, உயிர் போன கதைகள் வருடா வருடம் வருகின்றன. தண்ணீர் அமைதியாகத் தெரிகிற இடம்தான் பல நேரம் இழுக்கிற இடம். குளிக்க ஆசைப்பட்டால் ருஷிகொண்டாவில், காவலர் நிற்கிற எல்லைக்குள். சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குக் கொடுக்கும் நீலக்கொடிச் சான்றை 2020-ல் பெற்ற கடற்கரை அது. நாங்கள் பையனிடம் பேசி முடித்த ஒப்பந்தம்: ருஷிகொண்டாவில் முட்டி அளவு, மற்ற இடத்தில் கணுக்கால் அளவு.

பிறகு அரக்கு என்ற மலையூர். விசாகப்பட்டினம் கொச்சியை முந்துவது இங்கேதான். சத்தீஸ்கரில் உள்ள பைலாடிலாவின் இரும்புத் தாதுவைத் துறைமுகத்துக்கு இறக்கி ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்ய 1960-களில் போட்ட பாதை. அதில் காலை 7 மணிக்கு முன்னால் கிளம்பும் கிரண்டுல் ரயில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் 58 குகைப்பாதைகளைக் கடந்து நான்கு மணி நேரத்தில் அரக்குக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கண்ணாடிக் கூரை போட்ட விஸ்டாடோம் பெட்டியும் உண்டு, அதற்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக் கொம்பு. சாதாரணப் பெட்டியில் ஜன்னலைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு குகை இருட்டிலும் பிள்ளைகள் கத்துகிற சத்தத்தோடு போவது அதைவிட ஒன்றும் குறைந்ததில்லை. டிசம்பரில் மேலே நல்ல குளிர். நவம்பர், டிசம்பரில் பேயெள் பயிர் பூத்துச் சரிவெல்லாம் மஞ்சளாகக் கிடக்கும். பொர்ரா குகை பிரமாண்டம்தான், ஆனால் படிகள் அதிகம். எங்களில் இருவர் மட்டும் போவோம்.

அரக்குக்கு ஒரே நாளில் போய்த் திரும்பும் வேன் ஏற்பாடுகள் ஏராளம். போன முறை அப்படி ஒன்றில் போனேன். எட்டு இடம் என்றார்கள். எட்டில் மூன்று கடை. காபிப் பொடிக் கடை, மூலிகைக் கடை, மறுபடி காபிப் பொடிக் கடை. ஆதிவாசி அருங்காட்சியகத்துக்கு இருபது நிமிடம். ஒரு இரவு அரக்கில் தங்குவதுதான் சரி. போக ரயில், திரும்ப கார், வழியில் அனந்தகிரி காபித் தோட்டங்கள்.

ஐந்து நாளில் விசாகப்பட்டினத்தை நிரப்பலாம், ஆனால் குறையில்லாத ஊர் இல்லை. அலைச்சல் அதிகம், கார் செலவு கொச்சியைவிடக் கூடும். நகரத்துக்கு மெட்ரோ கிடையாது. அக்டோபர், நவம்பர் புயல் மாதங்கள். 2014 அக்டோபரில் ஹுத்ஹுத் கரை கடந்தது இந்த ஊரில்தான். சாப்பாடு ருசி, காரம் அதைவிட. கோங்குரா துவையலை அம்மா தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு சமாளிப்பார். காலை பெசரட்டு உப்புமா, மாலை கடற்கரையில் முரி மிக்சர் என்றால் மற்ற மூவருக்கும் பிரச்சினை இல்லை. தங்க ஆர்.கே. பீச் பக்கம் போதும். ருஷிகொண்டா அமைதியாக இருக்கும், ஆனால் இட்லி வாங்கக்கூட வண்டி பிடிக்க வேண்டும்.

முடிவு எப்படி ஆனது

முட்டியைப் பார்த்தால் கொச்சி, பையனைப் பார்த்தால் விசாகப்பட்டினம், தேதியைப் பார்த்தால் விசாகப்பட்டினம். அங்கேயும் அந்த வாரம் கூட்டம்தான், ஆனால் நீளமான ஊர், பரவிவிடும். மனைவிக்கு இரண்டும் ஒன்று. நான் அம்மாவுக்காகக் கொச்சி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டது ஒரே கேள்வி: "சிம்மாசலம் அந்த ஊர்லதானேடா இருக்கு?"

இருக்கிறது, நகரிலிருந்து 16 கிலோமீட்டரில். மலை மேல் வரை பஸ் போகும், ஆயிரம் படி ஏற வேண்டியதில்லை. வராக நரசிம்மர் வருடம் முழுக்கச் சந்தனப் பூச்சுக்குள் லிங்கம் போலவே காட்சி தருவார். அட்சய திருதியை அன்று ஒரு நாள் மட்டும் நிஜரூபம். கோயிலின் பழைய கல்வெட்டு முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தது, 11-ஆம் நூற்றாண்டின் கடைசி. ஊருக்கே குலோத்துங்க சோழப்பட்டினம் என்று ஒரு பெயர் இருந்தது. இதையெல்லாம் நான் சொல்வதற்குள் அம்மா முட்டிப் பட்டையை எங்கே வைத்தோம் என்று தேடப் போய்விட்டார்.

ஆக விசாகப்பட்டினம். முதல் நாள் ஊர், மாலையில் நீர்மூழ்கி; இரண்டாம் நாள் காலை சிம்மாசலம், மதியத்துக்கு மேல் பீமிலி சாலை; மூன்றாம் நாள் விடியலில் ரயில், அரக்கில் இரவு; நான்காம் நாள் இறக்கம்; ஐந்தாம் நாள் வீடு. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. டிசம்பர் 24 ரயிலுக்கு அக்டோபர் 25 காலை 8 மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை. அரக்கு ரயிலுக்கும் அப்படியே தனியாக ஒரு நாள் குறித்து வைத்திருக்கிறேன். கொச்சியைப் பிப்ரவரியில் ஒரு சனி ஞாயிறுக்குத் தள்ளியாயிற்று. சனிக்கிழமை அரண்மனை, ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடம்.